அவிழ்த்தவன் தோற்றவன்

தலைநகர் முகாம்,
மெஸ்கெரெம் மாதம் 28

அன்புள்ள அஸ்கலாவுக்கு,

மழை விட்டுவிட்டதே, உன் மூட்டு வலி தேவலையா? கழுதை, கோழிகள், நம் கோயில் பாதிரியார் அபா கிதானெ எல்லோரும் சுகந்தானே? கடவுள் புண்ணியத்தில் நான் சுகம். பக்கத்து வயல் லெம்மாவும் சுகமாகத்தான் இருக்கிறான், அதுதான் எனக்கு வயிற்றெரிச்சல்.

என் சால்வை நுனியையும் அவன் சால்வை நுனியையும் சேர்த்து முடிந்து ஊரார் எங்களை வழியனுப்பினீர்களே, அப்படியே இருபத்தைந்து நாள் நடந்து ராஜ சபைக்கு வந்து சேர்ந்தோம். நீதிபதி அவிழ்க்கிற வரை வழக்காடிகள் முடிச்சைத் தொடக் கூடாது. அவிழ்த்தவன் தோற்றவன். வழியில் ஒரு தடவையாவது மறந்துபோய் அவிழ்ப்பான் என்று காத்திருந்தேன். படுபாவி, தூங்கும்போதுகூட நுனியைக் கையில் சுற்றிக்கொண்டுதான் படுக்கிறான்.

நாங்கள் சபை வாசலை மிதித்த அன்றைக்குத்தான் யுத்த முரசு அடிக்க வேண்டுமா? கடல் வழியாக வந்து இறங்கிய அந்நியர்கள் வடக்கே நம் எல்லைக்குள் கோட்டை கட்டிவிட்டார்களாம். நீதிபதிகள் எல்லோரும் சேணம் கட்டப் போய்விட்டார்கள். முற்றத்தின் நடுவில் நாங்கள் இருவரும் விழித்துக்கொண்டு நின்றோம். தேவாலயத்திலிருந்து திரும்பிய சக்கரவர்த்தி எங்களைப் பார்த்துச் சிரித்துவிட்டார்.

"என்னப்பா வழக்கு?"

"வாய்க்கால் வழக்கு, ஜான்ஹோய் மகாராஜா. இவன் என் எல்லையைத் தாண்டி..."

"பொய்யி, ஜான்ஹோய்! தாண்டினது இவன்!"

"எனக்கும் அதே வழக்குதான். ஒருத்தன் என் எல்லையைத் தாண்டிட்டான். அது முடியட்டும், உங்களுதைக் கேக்குறேன். அதுவரைக்கும் மடையை அடைச்சு வைக்கணும், ஒரு சொட்டுத் தண்ணி யாரும் எடுக்கக் கூடாது. முடிச்சும் அப்படியே இருக்கட்டும். நடுவுல எவன் அவிழ்க்கிறானோ அவன் தோத்தான். ஜெயிச்சவன் தண்ணியோட வீட்டுக்குப் போகலாம். தோத்தவன் போர் முடியுற வரைக்கும் என்கூட வரணும்."

ஆகவே நாளை வடக்கே கிளம்புகிறோம். மடையை அடைக்கச் சொல். அவன் வயல் காயட்டும். நம் வயலும் காய்ந்தால் காயட்டும். நான் அவிழ்க்கப் போவதில்லை. வறுத்த பார்லியும் மிளகாய்த்தூளும் அனுப்பு.

உன்,
மெர்ஷா

*

வொய்ரா மேடு,
திகிம்த் 24

என் வீட்டுக்காரருக்கு, அஸ்கலா சொல்லி அபா கிதானெ கையால் எழுதுவது.

உடம்பைப் பார்த்துக்கொள்ளுங்கள். வடக்கே குளிர் அதிகமாமே. என் மூட்டு வலி என்னைவிட்டு எங்கே போகப்போகிறது, அதுவும் சுகமாகவே இருக்கிறது.

நம் வயலும் காய்ந்தால் காயட்டுமா? வருஷம் முழுக்க என்னத்தைத் தின்பதாக உத்தேசம், உங்கள் வீம்பையா? (இங்கே நான் சொன்ன ஒரு வார்த்தையை அபா எழுத மாட்டேன் என்கிறார். நீங்களே போட்டுக்கொள்ளுங்கள்.)

மடையை அடைத்தாயிற்று. ஊரார் முன்னிலையில் நானும் லெம்மாவின் பெண்சாதி லாகெச்சும் ஆளுக்கொரு பக்கம் மண் தள்ளினோம். உத்தரவு உத்தரவுதானே.

மற்றபடி பார்லி விதைத்தாயிற்று, முளைத்தும்விட்டது. அதைப்பற்றி நீங்கள் கவலைப்பட வேண்டாம்.

இரண்டு மூட்டை வருகிறது. ஒன்று உங்களுக்கு. மற்றது லாகெச் கட்டியது. வியாபாரியிடம் ஒரே ஒரு கழுதைதான் இருந்தது, அதனால் சேர்ந்து வருகிறது. வேறொன்றும் நினைக்க வேண்டாம்.

அஸ்கலா

*

வடக்குப் பாதை, நான்காம் தங்கல்,
ஹிதார் 19

அன்புள்ள அஸ்கலாவுக்கு,

நலம். நீயும் நலம் என்று நம்புகிறேன். மூட்டைகள் வந்தன. லெம்மாவின் மூட்டையில் மிளகாய்த்தூள் காரமாக இருக்கிறது. உன்னுடையதும் அதே ருசியில் இருப்பது எப்படி என்று எனக்குப் புரியவில்லை.

வழக்காடிகளுக்கு இடம் சக்கரவர்த்தியின் சிவப்புக் கூடாரத்துக்குப் பக்கத்தில்தான். அதனால் எல்லாவற்றையும் பார்க்கிறோம். முந்தாநாள் அந்நியர்களின் தூதன் வந்தான். சக்கரவர்த்தி அவனை உட்காரவைத்துத் தேன்மது ஊற்றி, உன் ராணி சௌக்கியமா, உன் பிள்ளைகள் சௌக்கியமா என்று கேட்டுக்கொண்டே இருக்கிறார். போகும்போது ஒரு ஜாடி தேன் வேறு. எனக்கு ரத்தம் கொதித்தது. எல்லையைத் தாண்டியவனுக்குத் தேனா?

இன்னொன்று கேள். மேற்குச் சீமைச் சிற்றரசரும் ஏரிச் சீமைச் சிற்றரசரும் ஒருவர் குடும்பம் மற்றவர் தகப்பனைக் கொன்ற பகைவர்கள். சக்கரவர்த்தி இருவரையும் ஒரே கூடை இஞ்செரா அப்பத்துக்கு முன்னால் உட்காரவைத்தார். யாரும் கை நீட்டவில்லை. "எனக்குப் பசிக்குது. நீங்க ஒருத்தருக்கொருத்தர் ஊட்டினப்புறந்தான் நான் சாப்பிடுவேன்" என்று சொல்லிவிட்டுக் கையைக் கட்டிக்கொண்டார். உச்சிப்பொழுதில் ஆரம்பித்தது. பொழுது சாயும் நேரத்தில்தான் ஏரிச் சீமைக்காரர் ஒரு கவளம் உருட்டி நீட்டினார். நானும் லெம்மாவும் எங்கள் கூடையைப் பார்த்துக்கொண்டோம். இரண்டு மாதமாக ஒரே கூடையில்தானே தின்கிறோம், வேறு வழி? ஊட்டவெல்லாம் இல்லை.

இனி வருவது லெம்மா சொல்வது. அவனுக்கு எழுத்து தெரியாது, முகாமில் வேறு யாரும் சும்மா எழுதித் தருவதில்லை. அவன் வீட்டில் படித்துக் காட்டும்படி அபாவிடம் சொல்.

லாகெச்சுக்கு, நான் சுகம். சிவப்புப் பசு சினையாக இருக்கிறது, அதற்கு உப்பு கொடு. இந்த மெர்ஷா குறட்டை விடுகிறான். (பொய்.) நீ சாப்பிட்டாயா?

நீ சாப்பிட்டாயா என்பதை மூன்று தடவை எழுதச் சொன்னான். மை தீர்ந்துவிடும் என்று ஒரு தடவை எழுதியிருக்கிறேன்.

மெர்ஷா

*

வொய்ரா மேடு,
தாசாஸ் 10

என் வீட்டுக்காரருக்கு,

சுகம். நீங்கள் சுகமாக இருக்க அபாவும் நானும் ஜெபம் செய்கிறோம். இந்தக் கடிதத்தை லெம்மாவுக்குப் படித்துக் காட்டாதீர்கள். ஏதாவது கதை சொல்லிச் சமாளியுங்கள், அது உங்களுக்குக் கைவந்த கலைதானே.

லாகெச்சுக்கு ஆறாம் மாதம். அவன் கிளம்பும்போதே அவளுக்குத் தெரியும். இரண்டு பிள்ளைகளைப் பிறந்த அன்றே மண்ணில் வைத்தவள், இது தங்கட்டும், பிறகு சொல்லலாம் என்று வாயை மூடிக்கொண்டிருந்தாள். இப்போது கால் இரண்டும் வீங்கிக் கிடக்கிறது. மருத்துவச்சியைக் கேட்டால் இன்னும் இரண்டரை மாதத்தில், மெகாபித் பிறப்பதற்கு முன்னாலேயே ஆகிவிடும் என்கிறாள், அதற்கு மேல் பேச மாட்டேன் என்கிறாள்.

"அவருகிட்ட மட்டும் சொல்லிடாதீங்கக்கா. முடிச்சைப் பிச்சுப் போட்டுட்டு ஓடி வந்துடுவாரு. தோத்தவன் படையை விட்டு ஓடினா தூக்குல போட்டுடுவாங்க" என்று என் மடியில் விழுந்து அழுதாள். எதிரி வீட்டுக்காரி உன் மடியில் எதற்கு விழுந்தாள் என்று கேட்காதீர்கள்.

உங்களை இன்னது செய்யுங்கள் என்று நான் சொல்லவில்லை. உங்களுக்குத் தெரிந்திருக்கட்டும். அவ்வளவுதான்.

அஸ்கலா

*

உப்புக் கணவாய் முகாம்,
திர் 4

அஸ்கலாவுக்கு,

பிறப்புத் திருநாள் நன்றாக நடந்ததா? இங்கே ஆளுக்கு ஒரு துண்டு இறைச்சி கிடைத்தது. உன் கடிதம் வந்தது. குளிரில் விரல் மடங்கவில்லை, அதனால் இது சின்னக் கடிதம்.

தேன் சமாசாரம் இப்போதுதான் எனக்குப் பிடிபட்டது. நம் தெற்குச் சேனை இன்னும் வந்து சேரவில்லை. தூதன் தேன் ஜாடியோடு போய், சமாதானப் பேச்சை எடுத்துச் சொல்லி, பதில் வாங்கித் திரும்ப ஒவ்வொரு தடவையும் பத்து நாள். இதுவரை மூன்று ஜாடி. "சண்டை இல்லாமலே போயிட்டா எனக்குச் சந்தோஷம். சண்டைதான்னா என் ஆளுங்க எல்லாரும் வந்திருக்கணும்" என்றாராம் சக்கரவர்த்தி. நான் அவரைக் கோழை என்று நினைத்ததை யாரிடமும் சொல்லிவிடாதே.

கடிதத்தில் என்ன என்று லெம்மா கேட்டான். உன் சிவப்புப் பசு கன்று போட்டிருக்கிறது என்றேன். "காளையா, கிடேரியா?" என்றான். எழுதவில்லை என்றேன். அன்று முழுக்க வாய் கொள்ளாத சிரிப்போடு நடந்தான்.

மெர்ஷா

*

உப்புக் கணவாய் முகாம்,
திர் 24

அஸ்கலா,

நலம் விசாரிக்கிற யோக்கியதை எனக்கு இல்லை. திட்டுவதாக இருந்தால் கடைசி வரி வரைக்கும் கேட்டுவிட்டுத் திட்டு.

முடிச்சை அவிழ்த்துவிட்டேன். லெம்மா அவிழ்க்கவில்லை, நான்தான் அவிழ்த்தேன்.

இருபது நாளாக அவனோடு ஒரே கூடையில் கை வைக்க எனக்கு மனம் வரவில்லை. அவனை ஊருக்கு அனுப்ப ஒரே வழி, நான் தோற்பது. என் அப்பா அந்தத் தண்ணீருக்காக மண்டை உடைந்தவர். நான் எப்படி விடுவேன்? இப்படியே இழுத்துக்கொண்டிருந்தேன்.

நேற்று மேற்குச் சீமைச் சிற்றரசர் முரண்டு பிடித்தார். உப்புப் பாதையை எனக்குத் தந்தால்தான் என் ஆட்கள் சண்டையில் இறங்குவார்கள் என்றார். அந்தப் பாதை சக்கரவர்த்தியின் தகப்பனார் உயிரைக் கொடுத்துப் பிடித்தது. இவர் உடனே மோதிரத்தைக் கழற்றி முத்திரை வைத்துக் கொடுத்துவிட்டார். மந்திரிகள் முகம் செத்துவிட்டது. அவர்களைப் பார்த்து, "பாதை போச்சு. ஆளு வந்துட்டான்ல?" என்றார். எனக்குச் சுருக்கென்று இருந்தது.

இன்று விடிந்ததும் முகாம் நீதிபதி முன்னால் போய் அவிழ்த்தேன்.

"யோவ், என்னய்யா பண்ற? கட்டுய்யா! உனக்குப் பைத்தியமா?" என்று லெம்மா கத்தினான்.

"தோத்துட்டேன். நீ வீட்டுக்குப் போ."

"எனக்கு இப்படி ஜெயிக்க வேண்டாம்."

"உன் பசு கன்னு போடலடா. உன் பொண்டாட்டிக்கு எட்டாம் மாசம்."

பளாரென்று ஓர் அறை விட்டான். இருபது நாள் மறைத்ததற்கு. அப்புறம் என் கழுத்தைக் கட்டிக்கொண்டு அழுதான். சத்தம் கேட்டு சக்கரவர்த்தி வெளியே வந்தார். ஒன்றும் கேட்கவில்லை. "இவனுக்கு நல்ல கோவேறு கழுதையா ஒண்ணு கொடுங்க, நடந்தா நேரத்துக்குப் போய்ச் சேர மாட்டான்" என்றார். என்ன நேரம் என்று அவருக்கு யார் சொன்னார்கள் என்று தெரியவில்லை.

தண்ணீர் போய்விட்டது, அஸ்கலா. இனி நம் வயல் மழையை நம்பித்தான். என்னை மன்னித்துவிடு. நாளை முதல் நான் முன்படையில்.

மெர்ஷா

*

வொய்ரா மேடு,
மெகாபித் 8

என் வீட்டுக்காரருக்கு,

உயிரோடு இருக்கிறீர்களா? மற்ற நலமெல்லாம் பிறகு கேட்டுக்கொள்கிறேன்.

போன மாதம், யெகாதித் பதினெட்டாம் தேதி லெம்மா வந்து சேர்ந்தான். இருபத்தாறாம் தேதி லாகெச்சுக்கு வலி எடுத்தது. ஒன்றரை நாள். மருத்துவச்சி கைவிட்ட பிறகும் லெம்மா அவள் முதுகைத் தாங்கிக்கொண்டே உட்கார்ந்திருந்தான், அசையவில்லை. அவன் பிடித்த பிடியில்தான் அவள் உயிர் தங்கியது என்று மருத்துவச்சியே சொன்னாள். பெண் குழந்தை. ஊரைக் கூட்டும் குரல். தாயும் பிள்ளையும் பிழைத்துவிட்டார்கள்.

நேற்று லெம்மா திரும்பவும் வடக்கே கிளம்பிவிட்டான். பச்சைப் பிள்ளையை விட்டுவிட்டு எங்கேடா போகிறாய் என்று அபா அதட்டினார். "அவன் அங்க தனியா நிக்கிறான் அபா. நான் இங்க ஜெயிச்சவன்னு உக்காந்திருக்கேன். எனக்குக் கூசுது" என்றான். லாகெச்தான் சோறு கட்டிக் கொடுத்தாள். புதுப் பார்லியில் இரண்டு மூட்டை அவனிடம் கொடுத்திருக்கிறேன்.

முப்பது வருஷமாக உங்களைத் திட்டுகிறேன். இந்தக் கடிதத்தில் திட்ட மாட்டேன். நீங்கள் எழுதியதை அபா படித்தபோது எனக்கு அழுகை வந்துவிட்டது, அவரும் கண்ணைத் துடைத்துக்கொண்டார். நம் வயல் காயவில்லை. அதை நேரில் பேசிக்கொள்ளலாம். நீங்கள் வந்தால் போதும்.

அஸ்கலா

*

வெற்றி முகாம்,
மியாஸியா 6

அன்புள்ள அஸ்கலாவுக்கு,

இருக்கிறேன். இடது தொடையில் குண்டு பாய்ந்து வெளியே வந்துவிட்டது. காய்ச்சல் விட்டு ஆறு நாளாகிறது, கோலூன்றி நடக்கிறேன்.

மெகாபித் பன்னிரண்டாம் தேதி சண்டை. நாலாவது தேன் ஜாடியை அந்நியர்கள் உடைத்துப் போட்டுவிட்டு ஏறி வந்தார்கள். சக்கரவர்த்தி எதிர்பார்த்தபடி ஏரிச் சீமை வலப்புறம், மேற்குச் சீமை இடப்புறம், ஒருவர்கூடப் பின்வாங்கவில்லை. மதியத்துக்குள் முடிந்தது. என் வரிசையில் அறுபது பேரில் இருபத்துமூன்று பேர் இல்லை. அவர்களைப் பற்றி இப்போது எழுத முடியாது. வெற்றி ஆட்டம் ஆட வேண்டாம், முதலில் புதையுங்கள் என்று உத்தரவு போட்டுவிட்டு, சக்கரவர்த்தி அந்த வெயிலில் கடைசிக் குழி மூடும் வரை நின்றார். பிடிபட்ட அந்நியர்களுக்கும் கஞ்சி ஊற்றச் சொன்னார்.

லெம்மா நாலு நாளைக்கு முன்னால் வந்தான். என் காலைப் பார்த்தான். பக்கத்தில் உட்கார்ந்து என் சால்வையை இழுத்து அவன் சால்வையோடு முடிந்தான்.

"யோவ், வழக்குதான் முடிஞ்சுபோச்சே."

"யாரு முடிச்சது? ஜான்ஹோய் தீர்ப்பு சொன்னாரா?"

நேற்று சபை கூடியது. நான் தோற்றவன் என்றேன். இல்லை, நியாயத்தில் தோற்கவில்லை, எனக்காகத் தோற்றான், இந்த வெற்றி எனக்கு வேண்டாம் என்றான் லெம்மா. மரியாதைக்கு, நீ கொடுத்தனுப்பிய பார்லியில் கொஞ்சம் வறுத்து நீட்டினான். இனிமேல்தான், அஸ்கலா, விஷயமே. சக்கரவர்த்தி ஒரு பிடி எடுத்து மென்றார். அப்புறம் ஒரு மணியைக் கையில் வைத்துப் பார்த்தார்.

"இது புதுப் பார்லி. மழை நின்னு ஏழு மாசம் ஆச்சு. மடையை அடைக்கச் சொல்லியிருந்தேனே. இது எந்தத் தண்ணியில விளைஞ்சது?"

எங்கள் இருவருக்கும் தெரியவில்லை. நாங்கள் விழித்த விழியில் அது அவருக்கும் தெரிந்துவிட்டது. "வீட்டுக்கு எழுதிக் கேளுங்க. உண்மை வரட்டும்" என்றார். ராஜ உத்தரவை மீறினால் நிலம் பறிபோகும். என்ன காரியம் செய்தாய், அஸ்கலா? இருபது நாளில் நாங்கள் தெற்கே ஏரிக்கரை முகாமில் இருப்போம். அங்கே எழுது.

மெர்ஷா

*

வொய்ரா மேடு,
மியாஸியா 29

ராஜாதி ராஜருக்கு, அஸ்கலாவும் லாகெச்சும் தரையில் விழுந்து வணங்கிச் சொல்வது. தாங்களும் மகாராணியாரும் சுகமாக இருக்க வேண்டும். நாங்கள் இருவரும் குழந்தையும் சுகம்.

எங்கள் வீட்டுக்காரர்களுக்கு ஒன்றும் தெரியாது. அவர்களைக் கேட்டுப் பயனில்லை.

உத்தரவுப்படி மடையை அடைத்தோம். மூன்று நாள் அடைத்து வைத்தோம். நான்காம் நாள் விடியலில் அஸ்கலாவாகிய நான் திருட்டுத்தனமாகத் திறக்கப் போனேன். அங்கே லாகெச்சும் மண்வெட்டியோடு நின்றாள். கொஞ்ச நேரம் ஒருவரை ஒருவர் வாய்க்கு வந்தபடி திட்டினோம். அவளுக்கு மசக்கை, நடுவிலேயே வாந்தி எடுத்தாள். நான் தலையைப் பிடித்துக்கொண்டேன். அதற்கப்புறம் எப்படித் திட்டுவது?

திங்கள், புதன், வெள்ளி அவள் வயலுக்கு. செவ்வாய், வியாழன், சனி என் வயலுக்கு. ஞாயிற்றுக்கிழமை அபா கிதானெயின் வெங்காயப் பாத்திக்கு. (அபா இதை எழுத மறுத்தார். உண்மை வர வேண்டும் என்று ராஜா கேட்டிருக்கிறார் என்றோம், எழுதிவிட்டார்.)

தண்ணீர் போதுமானதாக இருந்தது. மூன்று தலைமுறையாகவே போதுமானதாகத்தான் இருந்திருக்க வேண்டும், யாரும் பங்கு போட்டுப் பார்க்கவில்லை.

உத்தரவை மீறியது குற்றம். ஒருத்தி சொல்லி ஒருத்தி செய்யவில்லை, இருவரும் செய்தோம். எந்தத் தண்டனையானாலும் இருவருக்கும் சேர்த்தே கொடுங்கள். ஆனால் மழைக்கு இன்னும் ஒரு மாதம்தான் இருக்கிறது. முதலில் எங்கள் ஆண்களை உழவுக்கு அனுப்பிவையுங்கள்.

அஸ்கலாவின் பெருவிரல் ரேகை
லாகெச்சின் பெருவிரல் ரேகை

*

ஏரிக்கரை முகாம்,
கின்போத் 17

அன்புள்ள அஸ்கலாவுக்கு,

சுகமாக இருக்கிறாயா என்று கேட்கக்கூட எனக்கு இப்போது பயமாக இருக்கிறது. இவ்வளவு துணிச்சல்காரியோடா முப்பது வருஷம் குடித்தனம் செய்தேன்!

கடிதம் வந்தபோது சபையில் சண்டை. பிடித்த பீரங்கிகள் யாருக்கு என்று மேற்குச் சீமையும் ஏரிச் சீமையும் கத்தியில் கை வைத்துக்கொண்டு நின்றார்கள். சக்கரவர்த்தி அவர்களை அப்படியே நிற்கவைத்தார். எழுத்தரைக் கூப்பிட்டு உங்கள் கடிதத்தை உரக்கப் படிக்கச் சொன்னார். வெங்காயப் பாத்தி வந்ததும் சபை முழுக்கச் சிரித்தது. மூன்று தலைமுறை என்ற இடம் வந்ததும் யாரும் சிரிக்கவில்லை. "இன்னொரு தடவை படி" என்றார். இரண்டாம் தடவை முடிவதற்குள் சிற்றரசர்கள் இருவரும் கத்தியிலிருந்து கையை எடுத்துவிட்டார்கள்.

பிறகு எங்களை முன்னால் வரச் சொல்லி, தன் கையாலேயே முடிச்சை அவிழ்த்தார். தண்டனையை எழுதச் சொன்னார். முத்திரை போட்ட ஓலை என் மடியில் இருக்கிறது, அப்படியே எழுதுகிறேன்:

"உத்தரவை மீறி மடையைத் திறந்த குற்றத்துக்காக, அஸ்கலாவும் லாகெச்சும் தங்கள் ஆயுள் முழுக்க அந்த மடையைத் தாங்களே திறந்து மூட வேண்டும். மெர்ஷாவும் லெம்மாவும் வருஷந்தோறும் வாய்க்காலைத் தூர்வார வேண்டும். தண்ணீர் விஷயத்தில் அவர்கள் இருவரும் வாய் திறக்கக் கூடாது."

நாங்கள் தரையில் விழுந்து ஏற்றுக்கொண்டோம். நாளை காலையில் கிளம்புகிறோம். லெம்மாவிடம் கோவேறு கழுதை இருக்கிறது, என் காலுக்காக அதில் என்னை ஏற்றிவிட்டு அவன் நடக்கிறான். உழவுக்கு வந்துவிடுவோம்.

உன்,
மெர்ஷா